ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் பேருந்துகள்

வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிக் குழந்தை குட்டிகளோடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள் எந்த வாகனத்தில் ஏறினால் சௌகரியம், எதில் ஏறினால் சிக்கனம் என்று யோசனை சொல்வதற்கு இன்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்னை விமான நிலையத்தின் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு நின்றுகொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் திசையை நோக்கிப் புறப்படவேண்டிய ஒரு சாமானியக் குடும்பத்துக்கு அந்த யோசனைகளால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஏனென்றால், வளாகத்துக்குள்ளேயே வந்து பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அந்தத் திசைக்கு நேராகப் போகும் வாகனம், வாடகைக் காரைத் தவிர வேறொன்று அவர்கள் கண்ணில் படுவதில்லை. காசுள்ளவர் கார் பிடிக்கிறார்; இல்லாதவர் பூங்காவையே மறந்துவிடுகிறார். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை நாள்தோறும் நிமிஷம் தவறாமல் பேருந்தில் ஏற்றி இறக்குகிற ஒரு பிரதேசத்தில் இப்படி ஒரு நிலைமை இருப்பது, வசதிக் குறைவால் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. கவனக் குறைவால் நேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

சென்னையைச் சுற்றியுள்ள பூங்காக்கள் எங்கெங்கே அமைந்தன என்று சற்று நினைத்துப் பார்த்தால் இந்தக் கவனக் குறைவு புதிதன்று என்பது விளங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி. இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம்ஜிஎம். 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன், 1995இல் மேற்குத் தாம்பரத்துக்கு அப்பால் தர்காஸ் கிராமத்தில் உண்டாக்கிய, ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உல்லாசப் பிரயாணம் என்றாலே நினைவுக்கு வந்த, இப்போது மூடிக் கிடக்கிற கிஷ்கிந்தா. செம்பரம்பாக்கத்தை அடுத்த பழஞ்சூரில், பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் 2003இல் எழுந்த குயின்ஸ்லேண்ட். கடைசியாக, திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் கதவு திறந்த வொண்டர்லா. இவற்றில் ஒன்றுகூட ரயிலடிக்குப் பக்கத்தில் இல்லை. நிலம் மலிவாகக் கிடைக்கிற இடமாகவும், நெடுஞ்சாலையிலிருந்து பெயர்ப்பலகை தெரிகிற இடமாகவும் பார்த்துப் பூங்காவை அமைத்தார்கள். வருகிறவன் சொந்த வண்டியிலோ பள்ளிக்கூடத்துப் பேருந்திலோ வந்துவிடுவான் என்று தைரியமாக இருந்துவிட்டார்கள்.

அந்தத் தைரியத்தின் விலையை விமானத்தில் வருகிறவர் கொடுக்கிறார். விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்திலிருந்து பழஞ்சூர் ஒன்றும் வெகுதூரமில்லை. இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பல்லாவரத்தில் திரும்பிக் குன்றத்தூர் வழியாகப் போகலாம். பெருங்களத்தூர் போய்ப் புறவழிச் சாலையில் ஏறி மதுரவாயல், பூந்தமல்லி என்று சுற்றலாம். வண்டலூர்வரை சென்று வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கவும் செய்யலாம். முதல் வழி கிட்டம், ஆனால் குறுகல். மற்ற இரண்டும் அகலம், ஆனால் சுற்று. ஓட்டுநருக்கு இது மனப்பாடம். வந்து இறங்கிய விருந்தாளிக்கு இதில் எதுவும் தெரியாது.

விமான நிலையத்து வாசலில் நடக்கிற சம்பாஷணையைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. செயலியில் கார் பதிவு செய்த குடும்பத் தலைவர், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, முனையத்துக்கு எதிரேயுள்ள பன்னடுக்கு வாகன நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார், வயதானவர்கள் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்கிறார்கள், கைபேசி ஒலிக்கிறது. "எங்க சார் நிக்கிறீங்க? பில்லர் நம்பர் சொல்லுங்க" என்று ஆரம்பித்து, "டிராப் எங்க சார்?" என்று தொடர்ந்து, பழஞ்சூர் என்றோ ஒரகடம் என்றோ பதில் வந்ததும் ஒரு விநாடி மௌனமாகி, "கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டு, கடைசியில் "ரிட்டர்ன் காலியா வரணும் சார், பார்த்துப் போட்டுக் கொடுங்க, டோல் தனி" என்று முடிகிற அந்த உரையாடலில், ஓட்டுநரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்துக்குள் போனால் இறக்கிவிட்ட இடத்திலேயே அடுத்த சவாரி கிடைக்கும். தொழிற்பேட்டைக்குப் போனால் திரும்பும்போது காலி வண்டியைத்தான் ஓட்டிவர வேண்டும் என்ற அவருடைய கணக்கு நியாயமான கணக்குத்தான். அந்தக் கணக்கின் பாரம் முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகிறதே, அதுதான் அநியாயம்.

கார் வேண்டாமென்று சிக்கனம் பார்க்கிறவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எதிரே திரிசூலம் ரயில் நிலையம். அங்கே மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, படப்பை வழியாக ஒரகடம் போகும் பேருந்துக்குக் காத்திருக்கலாம். அல்லது 2016 முதல் விமான நிலையத்து வாசலுக்கே வருகிற மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறி, கோயம்பேட்டில் இறங்கி, பூந்தமல்லிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொன்று என்று போகலாம். தோளில் ஒரு பையோடு போகும் இளைஞனுக்கு இது சரிப்படும். இரண்டு குழந்தைகள், மூன்று பெட்டிகள், முழங்கால் வலிக்காரப் பாட்டி ஒருத்தி என்று புறப்படுகிற குடும்பம் மூன்று இடத்தில் ஏறி இறங்கி, மூன்று படிக்கட்டு கடந்து, பூங்காவின் வாசலை அடைவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும்.

இன்னொரு ரகத்துப் பிரயாணியும் விமான நிலையத்தின் அதே வாசலில் இறங்குகிறார். கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ தொழிற்சாலை வேலையாக வந்த பொறியாளர் அவர், தம் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைக்கிறார், பெட்டி கைமாறுகிறது, ஒரு வார்த்தை பேரம் இல்லாமல் ஓட்டலுக்குப் போய்ச் சேர்கிறார். இதைக் கண்டு யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை. அழைத்தவன் வண்டி அனுப்புவது நல்ல சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயம், பொறியாளரோடு நின்றுபோகாமல், பூங்காவுக்கு வாருங்கள் என்று ஊரெல்லாம் பலகை வைத்து அழைக்கப்படுகிற குடும்பத்துக்கும் ஏன் எட்டவில்லை என்பதே கேள்வி.

இப்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தின் சாமர்த்தியத்தைப் பார்ப்போம். 1971இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்பூங்காக்களை அமைக்க, 1998இல் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்த நாள்தொட்டு, ரெனோ-நிஸ்ஸான், டைம்லர், ராயல் என்பீல்டு, சாம்சங், பாக்ஸ்கான் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. இவற்றுக்கெல்லாம் ஆள் வேண்டும். ஆள் குறித்த நேரத்தில் வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் உற்பத்தி வரிசை காத்திருக்காது. ஆகவே, பொதுப் போக்குவரத்தை நம்பாமல், தாமே பேருந்துகளை ஒப்பந்தம் பிடித்து ஓட்டும் ஏற்பாடு இங்கே ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குப் படப்பையிலோ ஒரகடம் கூட்டுரோட்டிலோ போய் நின்று பாருங்கள்: கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சாப்பாட்டுப் பையுமாகச் சிறுசிறு கும்பலாக நிற்கிறார்கள், முன் கண்ணாடியில் கம்பெனியின் பெயரும் ரூட் எண்ணும் ஒட்டிய பேருந்து வருகிறது, பத்து விநாடிகளில் ஏறிவிடுகிறார்கள், அடுத்த கும்பலுக்கு அடுத்த பேருந்து. ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணி ஷிப்ட், இரவு பத்து மணி ஷிப்ட் என்று இது சுழன்றுகொண்டே இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த நிறுத்தத்தில் என்பதெல்லாம் எழுதி வைத்த கணக்கு.

அந்தப் பேருந்துகளில் ஏறுகிறவர்கள் யார்? தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், பீகாரிலிருந்தும் வந்து, வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருக்கிற இளவயதினர். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென்று சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் ஜனத்தொகை அது. அங்கே தங்கியிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க ஊரிலிருந்து தாய் தகப்பனும் தம்பியும் வருகிறார்கள். வட மாநிலத்தவராக இருந்தால், ரயிலில் இடம் கிடைக்காமல், சேர்த்துவைத்த பணத்தில் விமானத்திலேயே வந்துவிடுகிறவர்களும் உண்டு. வந்தவர்களை எங்காவது கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டாமா? தம்பிக்கு ராட்டினமும் நீர்ச்சறுக்கும் ஆசை, தாய்க்குக் கோவில். எப்போதும் விடுதியிலிருந்து தொழிற்சாலைக்கும் தொழிற்சாலையிலிருந்து விடுதிக்குமாகப் போய்வந்த அந்தப் பெண்ணுக்கு, விடுமுறை நாளில் பத்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூங்காவுக்குப் போக எந்தப் பேருந்து என்று கேட்டால் பதில் தெரிவதில்லை. வேலைக்கு அழைத்துப் போக வாசலுக்கு வண்டி வருகிறது. விளையாட்டுக்குப் போக வருவதில்லை.

என் யோசனை இதுதான். வார விடுமுறையன்று, இந்த ஒப்பந்தப் பேருந்துகளில் பெரும்பகுதி ஷெட்டிலோ சாலையோரத்திலோ சும்மா நிற்கிறது; சில, கல்யாணத்துக்கும் கோவில் யாத்திரைக்கும் போகின்றன. பூங்காக்கள் நிரம்பி வழிகிற நாளும், விமானத்தில் உறவினர் வந்திறங்குகிற நாளும் அதே ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளுமாக இருக்கின்றன. ஆறு நாள் தொழிற்சாலைக்கு ஓடிய வண்டியை ஏழாவது நாள் விமான நிலையத்துக்கும் பூங்காவுக்கும் ஓட்டினால் என்ன?

ஓட்டமுடியாதபடி சட்டம் ஒரு தடை வைத்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பிரயாணிகளை ஏற்றும் வண்டிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்திருக்கிறது. முழு வண்டியையும் ஒருவரோ ஒரு நிறுவனமோ பேசி அமர்த்திக்கொள்வது ஒன்று. வழியில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளை ஏற்றி, தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கொடுப்பது மற்றொன்று. கம்பெனிப் பேருந்து முதல் ஜாதி. அது வழியில் நின்று தனித்தனியாகக் கட்டணம் வாங்கினால் பர்மிட் மீறல் ஆகும். இந்தப் பாகுபாடு காரணமில்லாமல் ஏற்பட்டதன்று. அது இல்லாவிட்டால் லாபமுள்ள தடத்தில் தனியார் வண்டிகள் மொய்த்து, லாபமில்லாத கிராமத்துத் தடத்தை அரசுப் பேருந்து மட்டும் சுமக்க நேரும். ஆனால் சட்டத்தை மீறாமலே காரியத்தைச் சாதிக்க வழி இருக்கிறது: வண்டி முழுவதையும் பூங்கா நிர்வாகமே பேசி அமர்த்திக்கொண்டு, நுழைவுச் சீட்டு வாங்கியவர்களைத் தன் விருந்தாளிகளாக, வண்டிக்குத் தனிக் கட்டணமில்லாமல் அழைத்துப் போகலாம், பொதுஜனங்களுக்கான தடத்தை மாநகர் போக்குவரத்துக் கழகமே எடுத்து நடத்தலாம். இரண்டாவதைச் செய்தால், சாதாரணப் பேருந்துகளில் 2021 முதல் மாதர்களுக்குள்ள கட்டணமில்லாப் பிரயாணம் இந்தத் தடத்திலும் கிடைக்கும்படி செய்யலாம். விடுதிப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லத் தேவையில்லை.

விமானத்தில் வருகிறவன் பேருந்தில் ஏறுவானா என்று சிலர் ஏளனமாகக் கேட்பார்கள். பெங்களூரில் ஏறுகிறானே! 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததை ஒட்டி, நகரின் பல மூலைகளுக்கும் வாயு வஜ்ரா என்ற பேருந்துகளை ஓட்டினார்கள். பெட்டி வைக்க இடம், குறித்த நேரம், எழுதி ஒட்டிய கட்டணம் என்ற மூன்றும் இருந்ததால் ஜனங்கள் ஏறினார்கள். விமான நிலையத்திலிருந்து மைசூருக்கே நேராகப் பேருந்து போகிறது. விமானத்தில் வருகிறவன் தேடுவது நிச்சயத்தை. அது பேருந்தில் கிடைத்தால் பேருந்தில் ஏறுவான்.

பூங்காக்காரர்களுக்கு இது கட்டுபடியாகுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில், ஆர்லாண்டோ நகரத்து டிஸ்னி நிறுவனம், 2005 முதல் 2021 முடியும்வரை, தன் விடுதிகளில் தங்க வருகிறவர்களை விமான நிலையத்திலிருந்து தன் பேருந்திலேயே காசு வாங்காமல் அழைத்துச் சென்றது. கல்யாணத்துக்கு அழைத்தவர்கள் ரயிலடிக்கு வண்டி அனுப்புகிற மாதிரி. அதில் தர்ம சிந்தனையோடு வியாபார புத்தியும் கலந்திருந்தது: வாடகைக் கார் இல்லாமல் வந்தவர் வேறெங்கும் போகாமல் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே செலவழிப்பார். அந்த இலவசம் நின்ற பிறகு அங்கேயும் ஒவ்வொரு குடும்பமும் எந்த வண்டி மலிவு என்று தானே கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. ஹாங்காங்கில் 2005இல் பூங்காவைத் திறந்தபோதே அதற்கென்று ஒரு தனி ரயில் தடம் போட்டார்கள்; பாரிஸ் நகரத்துக்கு வெளியேயுள்ள டிஸ்னி பூங்காவின் வாசலுக்கு 1994 முதல் அதிவேக ரயில், விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறது. நம் பூங்காக்களிடம் ரயில் தடம் போடும்படி யாரும் கேட்கவில்லை. நாலு பேருந்துகளைத்தான் கேட்கிறோம்.

கார் ஓட்டிகளின் பிழைப்பு போய்விடாதா என்ற கவலையும் நியாயமானதே. ஆனால், நள்ளிரவில் இறங்குகிறவர், நோயாளியோடு வருகிறவர், அவசரக்காரர், வசதியுள்ளவர் என்று காரைத் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். பேருந்தில் ஏறப் போகிறவர் பெரும்பாலும் இன்று காரிலும் ஏறாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்.

பொறுங்கள், மெட்ரோ வருகிறது, ரயில் வருகிறது என்று சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், அதற்கப்பாலும் மெட்ரோவை நீட்டும் திட்டம் ஏட்டில் இருக்கிறது; ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் தடம் வேண்டும் என்பது 2013-14ஆம் வருஷத்து ரயில்வே நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற்ற விஷயம். அன்று பிறந்த குழந்தை இன்று நீர்ச்சறுக்கில் தனியாக இறங்குகிற வயதுக்கு வந்துவிட்டது. ரயில் இன்னும் வரவில்லை. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர்ப் புதிய விமான நிலையத்தையோ, அங்குள்ள ஏகனாபுரத்து ஜனங்கள் தங்கள் வயலையும் ஏரியையும் காப்பதற்காக வெகுநாளாக எதிர்த்துப் போராடிவருகிறார்கள். அந்த வழக்கின் நியாயம் தனியாகப் பேசவேண்டியது. அது எப்படி முடிந்தாலும், ஓடுபாதையை வரைகிற அன்றே பேருந்து நிற்கும் இடத்தையும் வரைய வேண்டும் என்ற பாடத்தை மீனம்பாக்கம் கற்றுக்கொடுக்கிறது.

இந்த ஏற்பாடுகள் நடக்கும்வரை என்ன செய்வது என்று கேட்கிற வாசகருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சந்தான். விமானத்திலிருந்து இறங்கிய கையோடு பெட்டி படுக்கையுடன் பூங்காவுக்குப் போகாதீர்கள். ஓரிடத்தில் சாமானை வைத்துவிட்டு மறுநாள் போங்கள். ஐந்தாறு பேராக இருந்தால் இரண்டு சிறிய கார்களை விட ஒரு பெரிய வண்டியை நாள் வாடகைக்குப் பேசுவது லாபம். சுங்கம், காத்திருப்பு, ஓட்டுநர் படி ஆகியவை பேசிய தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதை ஏறுவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறுகிற வேளைகளில் ஒரகடம் சந்திப்பையும் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையையும் தவிர்த்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போவதற்கு முன்னால் திரும்புவதற்கு வண்டியை நிச்சயம் செய்துகொள்ளுங்கள்; பூங்கா மூடுகிற நேரத்தில் வாசலில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கைபேசியைத் தட்டுவார்கள்.

ஆனால் இவையெல்லாம் தனி மனிதனின் சாமர்த்தியம். சாமர்த்தியம் இல்லாதவனுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் சர்க்கார் இருக்கிறது. வருகிற கோடை விடுமுறையில், ஞாயிறுகளிலும் பண்டிகை நாட்களிலும் மட்டுமாவது, இரண்டு தடங்களைப் பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்க்கலாம். விமான நிலைய வளாகத்துக்குள்ளிருந்து புறப்பட்டு, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், பழஞ்சூர் பூங்கா, இருங்காட்டுக்கோட்டை வழியாக ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் சேர்வது ஒன்று. தாம்பரம், வண்டலூர் மிருகக்காட்சி சாலை, படப்பை, ஒரகடம் வழியாக வல்லம் வடகால் விடுதி வாசலைச் சேர்வது மற்றொன்று. பூங்காவுக்குப் போகிறவர், கோவிலுக்குப் போகிறவர், ராஜீவ் காந்தி நினைவிடம் பார்க்கப் போகிறவர், மகளைப் பார்க்க வந்தவர் என்று எல்லோரும் ஏறுகிற வண்டி காலியாக ஓடும் என்று நான் நம்பவில்லை. போக்குவரத்துத் துறையும் விமான நிலைய நிர்வாகமும் சிப்காட்டும் பூங்காக்காரர்களும் ஒரு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் தீருகிற விஷயம் இது. வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது, நேரம் தவறாமல் ஓட்டிப் பழகிய ஓட்டுநர் இருக்கிறார், ஏறுவதற்கு ஜனங்கள் இருக்கிறார்கள். உத்தரவு ஒன்றுதான் பாக்கி.